நெஞ்செரிச்சல் போக ஏழு வழிகள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் வயிறு என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எலும்புப் பகுதிக்கு எழுதுகிற மனிதருக்கு முட்டி என்று பெயர். தோலும் தலைமுடியும் பார்க்கிற பெண்ணைப் பொடுகு என்றார்கள். அவர்களோடு வைத்துப் பார்த்தால் வயிறு கௌரவமான பெயர்தான். இணையத்தில் உடல்நலத் தகவல் சொல்லும் நிறுவனம் அது. மனித உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, எழுத வந்தவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு என்று கொடுத்திருந்தார்கள். வரவேற்பில் இருக்கும் பெண், "வயிறு, உங்களுக்குப் பார்சல் வந்திருக்கு" என்று சத்தமாகக் கூப்பிடுவாள். புதிதாக வந்த கூரியர்காரர் மட்டும் ஒரு கணம் மிரண்டு பார்ப்பார்.

துண்டு பிரித்தால் எல்லைத் தகராறு வராமல் இருக்குமா? நெஞ்செரிச்சல் விஷயத்தில் வந்தது. அப்போது இதயம் என்று ஒருவர் இருந்தார். ஒல்லியான, உயரமான, எதற்கெடுத்தாலும் விதிமுறை பேசுகிற ஆள். நெஞ்சு என்று தொடங்குவதெல்லாம் தன்னுடையது என்று அவர் அடித்துப் பேசினார். எரிவது நெஞ்சில் என்றாலும் எரிக்கிற அமிலம் தன் இடத்திலிருந்துதான் போகிறது என்று அவள் விடாமல் வாதாடினாள். ஒன்றரை மணி நேரக் கூட்டத்துக்குப் பிறகு ஆசிரியர் அதை வயிற்றுக்குக் கொடுத்தார். இதயம் விட்டுக்கொடுத்தார், ஆனால் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. அவள் கட்டுரையில் இதயத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்கக்கூடாது. வேண்டுமானால் கட்டுரையின் கடைசியில் தன் கட்டுரைக்கு ஒரு இணைப்பு கொடுத்துக்கொள்ளட்டும் என்று நிபந்தனை போட்டார். முதல் வரைவில், இந்த எரிச்சல் சில சமயம் இதயக் கோளாறாகவும் இருக்கலாம் என்று அவள் ஒரு பத்தி எழுதியிருந்தாள். ஒப்பந்தப்படி அது போயிற்று. கொஞ்ச நாளில் இதயமும் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது முட்டியின் கைப்பை உட்கார்ந்திருக்கிறது.

'நெஞ்செரிச்சல் போக ஏழு வழிகள்' என்ற அந்தக் கட்டுரை யாரும் எதிர்பாராத விதமாக ஓடு ஓடு என்று ஓடியது. நெஞ்சு எரிகிறது என்று யார் எங்கே தேடினாலும் முதலில் வந்து நின்றது அதுதான். பதினொரு மாதமாக முதல் இடம். தேடலில் எந்தக் கட்டுரை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கென்றே அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். தரவரிசைக்காரர் என்று பெயர். காலையில் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் நெஞ்செரிச்சல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். முதல் இடத்தில் நிற்கும் கட்டுரையில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடக்கூடாது என்று அவர் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. கட்டுரையைப் படிக்க வருகிறவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக வருகிறார்கள். நான்காவது வழியோடு பாதிப்பேர் காணாமல் போகிறார்கள். ஐந்தும் ஆறும் ஏழும் ஆள் இல்லாமல் கிடக்கின்றன. அங்கே இருக்கும் விளம்பரங்களும் அப்படியே கிடக்கின்றன. ஏன் போகிறார்கள் என்று இதற்காகவே மூன்று கூட்டம் போட்டார்கள். நான்காவது வழி நீளம் என்றார் முட்டி. பக்கத்தில் இருக்கும் படம் சரியில்லை என்றாள் பொடுகு. படத்தை மாற்றலாமா என்று ஆசிரியர் கேட்டபோது தரவரிசைக்காரர் சுவரைக் காட்டினார்.

கட்டுரையின் தலைமாட்டில் ஒரு டாக்டரின் படம் இருக்கும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், தலை நிறையக் கருகருவென்று முடி, 'மருத்துவர் சரிபார்த்தது' என்று கீழே ஒரு வரி. எழுதியவர் பெயர் எங்கும் இருக்காது. அந்த டாக்டர் வாராவாரம் வியாழக்கிழமை வருவார், ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாற்பது கட்டுரைகளுக்கு டிக் அடிப்பார், காபி குடிப்பார், போய்விடுவார். படம் எடுத்த காலத்து முடியில் இப்போது காதோரம் மட்டும் கொஞ்சம் மிச்சம். கட்டுரையின் கால்மாட்டில் இன்னொரு வரி இருக்கும்: அறிகுறிகள் தொடர்ந்தால் மருத்துவரை அணுகவும். இது வக்கீல் சொல்லிச் சேர்த்தது. விக்கலுக்கும் அதுதான், பொடுகுக்கும் அதுதான், நகம் கடிக்கும் பழக்கத்துக்கும் அதுதான். யாரும் எழுத வேண்டியதே இல்லை, கம்ப்யூட்டரே போட்டுவிடும்.

இந்தக் கட்டுரைக்கு வாசகர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். ஆனால் அதை வரிக்கு வரி கடைப்பிடித்த ஒரே வாசகர் அவளுடைய அப்பாதான்.

அப்பா முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவர். சாலையோரம் போர்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி நடந்தே ஒரு விபத்தும் இல்லாமல் ஓய்வு பெற்றவர். எழுதிப் போட்டிருந்தால் அவருக்கு அது சட்டம். வாயால் சொன்னால் வெறும் பேச்சு. போன மாதம் நெஞ்சில் லேசாக எரிகிற மாதிரி இருக்கவே செல்போனில் தேடினார். முதலில் வந்தது மகள் எழுதிய கட்டுரை. அன்றிலிருந்து அவர் வாழ்க்கை அந்த ஏழு வழிகளில், இன்னும் சரியாகச் சொன்னால் நான்கு வழிகளில், ஓடத் தொடங்கியது. முதல் வழிப்படி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். இரண்டாவது வழி, சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காதே என்றது. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு மூன்று மணி வரை நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வழி கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னது. கட்டில் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்தார். அதே கட்டிலில் படுக்கும் அம்மா, நெஞ்சில் ஒரு எரிச்சலும் இல்லாத அம்மா, தினமும் காலையில் கால்மாட்டில் சுருண்டு கிடந்தாள்.

அப்பாவும் அம்மாவும் அவளோடுதான் இருந்தார்கள். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவள் கணவருக்கு எப்போதும் இரவு ஷிஃப்ட் என்பதால் இந்தக் கதை நெடுக அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அவரை நாம் தொந்தரவு செய்ய வேண்டாம்.

ஒரு புதன்கிழமை அவள் வேலை முடிந்து வரும்போது அப்பாவும் கடையிலிருந்து வந்தார். சேர்ந்து படி ஏறினார்கள். முதல் மாடியில் அப்பா நின்றார். சுவரில் இருந்த மின்சார மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து உற்றுப் பார்த்தார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. நெற்றியில் வியர்வை.

"என்னப்பா, வலிக்குதா?"

"வலி இல்ல, எரிச்சல். இந்த மீட்டர் ரொம்ப வேகமா ஓடுது, பாத்தியா?"

அது கீழ்வீட்டுக்காரருடைய மீட்டர். அவர்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. அவள் அப்பாவையே பார்த்தாள். இரண்டு நிமிஷத்தில் கை இறங்கியது, மூச்சு சீராயிற்று, மீட்டரும் அவருக்குச் சலித்துவிட்டது. மறுபடி ஏறினார். ஒப்பந்தப்படி அவள் வெட்டியெறிந்த அந்தப் பத்தி அப்போது வார்த்தைக்கு வார்த்தை நினைவுக்கு வந்தது. ஏறினால் வரும், நின்றால் போகும். 

வீட்டுக்குள் போனதும் டாக்டரிடம் போகலாம் என்றாள். அப்பா கேட்கவில்லை. எட்டு நாளில் குறையும் என்று போட்டிருக்கிறது, குறையாவிட்டால் அப்புறம் பார்க்கலாம் என்றார். எட்டு நாள் தாண்டி மூன்று வாரம் ஆகிவிட்டது என்று அம்மா நடுவில் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்பா, அந்தக் கட்டுரைய எழுதினதே நான்தான். நானே சொல்றேன், இது அது இல்ல."

"நீ டைப் அடிச்ச. சொன்னது டாக்டரு. யாரு படம் போட்டிருக்கு? உன் படமா?"

 எட்டு வருடமாக என்ன வேலை பார்க்கிறாள் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அம்மா அழுது பார்த்தாள். அவள் கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். அப்பா போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் தூங்கப் போகும்வரை வெளியே வரவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. டாக்டர் பதினேழாவது கட்டுரைக்கு டிக் அடித்துக்கொண்டிருக்கும்போது அவள் எதிரில் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். எட்டு வருடத்தில் முதல் முறையாக அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஏறினா வருது, நின்னா போகுதா? இது வயிறு இல்லம்மா. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. நான் பேசட்டுமா?"

அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. டாக்டர் தன் செல்போனிலிருந்தே அப்பாவுக்கு அடித்தார். தன் பெயரைச் சொன்னார், கட்டுரையில் இருப்பது தன் படம்தான் என்றார், இன்றைக்கே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.  எதிர்முனையில் அப்பா ஏதோ கேட்டார். டாக்டர் "ஆமாங்க, நான்தாங்க" என்றார். பிறகு செல்போனைக் காதிலிருந்து எடுத்து வெறித்துப் பார்த்தார். வைத்துவிட்டாராம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா ஏகக் குஷியில் இருந்தார். மோசடிக்காரன் ஒருவன் அந்தப் பெரிய டாக்டர் பெயரைச் சொல்லிப் பேசினான், தான் ஏமாறவில்லை என்றார். படத்தில் இருப்பவர் நல்ல வாலிபர், பேசியவனுக்கோ கிழட்டுக் குரல். அதோடு அந்த வலைத்தளத்திலேயே 'போலி மருத்துவ அழைப்புகள்: ஐந்து அடையாளங்கள்' என்று போட்டிருக்கிறது. மூன்றாவது அடையாளம், உங்களை அவசரப்படுத்துவார்கள். இவன் எடுத்த எடுப்பில் இன்றைக்கே கிளம்பு என்கிறான். அந்தக் கட்டுரையையும் அவள்தான் எழுதியிருந்தாள், போன மாதம், பொடுகு விடுப்பில் போனபோது.

வெள்ளிக்கிழமை காலை அவள் வாசகர் கருத்துகளைத் திறந்தாள். அதுவும் அவள் வேலைதான். கட்டுரைக்குக் கீழே வாசகர்கள் கேட்பதற்கு டாக்டர் பெயரில், டாக்டர் படத்தோடு, அந்தந்த உறுப்புக்காரர் பதில் போட வேண்டும். இரண்டே இரண்டு பதில்களுக்குத்தான் வக்கீல் அனுமதி கொடுத்திருந்தார். ஒன்று, உங்கள் கருத்துக்கு நன்றி. இன்னொன்று, மருத்துவரை அணுகவும். மூன்றாவதாக ஒரு வார்த்தை சேர்த்தால் வேலை போய்விடும். அன்றைக்கு நெஞ்செரிச்சலுக்குக் கீழே 'பழைய டிரைவர்' என்பவர் எழுதியிருந்தார்: டாக்டர் ஐயா, நான்கு வழிகளும் தவறாமல் செய்கிறேன். படி ஏறும்போது மட்டும் நெஞ்சு இறுகுகிறது. வேறு வழி உண்டா?

யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமா? வேகமாக 'மருத்துவரை அணுகவும்' என்று பதில் போட்டுவிட்டு, சாயங்காலம் வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரே பதில் போட்டுட்டாரு பாத்தியா?" என்று அப்பா வாசலிலேயே செல்போனை நீட்டினார்.

"சரி, அப்ப போலாம்பா. வண்டி சொல்லட்டுமா?"

"அட போம்மா. அது எல்லாருக்கும் போடுறது. விக்கலுக்கும் அதையேதான் போட்டிருக்கு, வேணா பாரு."

பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. விக்கலும் அவளுடையதுதான். அவளுக்கு அப்பாமேல் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது. எட்டு வருடமாக எதற்கெடுத்தாலும் அந்த ஒரு வரியைப் போட்டுப் போட்டு, நிஜமாகவே வேண்டிய நேரத்தில் அது யார் காதிலும் விழாமல் போகும்படி செய்துவிட்டோமே என்று நொந்துகொண்டாள்.

சனிக்கிழமை விடுமுறை. மூன்று மணிக்கு அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து கட்டிலுக்குப் போனார். அவள் கதவோரம் நின்று பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனை முகத்துக்கு நேரே பிடித்து, முதல் வழியிலிருந்து முனகி முனகிப் படித்தார். தினமும் இப்படித்தான் படிப்பாராம், மறந்துவிடக் கூடாதாம். மூன்றாவது வழி வந்ததும் எட்டிக் குனிந்து செங்கல் இருக்கிறதா என்று பார்த்தார். நான்காவது வழி, இடது பக்கம் திரும்பிப் படுங்கள், உடம்பைத் தளர்த்துங்கள், மெதுவாக மூச்சு விடுங்கள் என்றது. அப்பா இடது பக்கம் திரும்பினார், உடம்பைத் தளர்த்தினார், மெதுவாக மூச்சு விட்டார். அடுத்த நிமிஷம் குறட்டை விட்டார். செல்போன் தலையணையில் சரிந்தது.

பதினொரு மாதமாக, மூன்று கூட்டம் போட்டும், ஒரு அலுவலகமே தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்விக்கு விடை அவள் கண்ணெதிரே வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. கட்டுரையின் அடியில் கிடக்கும் எச்சரிக்கைக்கும், இதயத்துக்கான இணைப்புக்கும் அப்பா இந்த ஜென்மத்தில் வந்து சேரப்போவதில்லை. சொல்ல வேண்டியதை அவர் விழித்திருக்கும்போதே சொல்லியாக வேண்டும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்.

திங்கள்கிழமை அவள் முறைப்படி தரவரிசைக்காரரிடம் போனாள். நான்காவது வழியில் வாசகர்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். இவ்வளவு நல்ல சேதியை அவருக்கு யாரும் சொன்னதில்லை. உடனே 'படுத்ததும் தூக்கம் வர' என்று ஒரு கட்டுரை போடலாம் என்றார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நாலு வரி சேர்க்க வேண்டும் என்று அவள் கேட்டபோது மறுபடி உட்கார்ந்துவிட்டார். சுவரைக் காட்டினார். அப்பாவின் விஷயத்தைச் சொன்னாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார், அதில் பொய் இல்லை. ஆனால் கை சுவரைக் காட்டியபடியே இருந்தது.

மதியம் இரண்டரைக்கு அவர் சாப்பிடப் போனார். அவள் கட்டுரையைத் திறந்தாள்.  வேலை போனால் போகட்டும் என்று தைரியமாக நினைத்துக்கொண்டாள் என்று சொன்னால் அது பொய். பயம்தான், நல்ல பயம். எட்டு வருடப் பழக்கத்தில் 'அறிகுறிகள் தொடர்ந்தால்' என்று கை தானாக ஆரம்பித்தது. அழித்தாள். அப்பாவை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி எழுதினாள்.

'படி ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்றதும் சரியாகிவிடுகிறதா? அப்படியென்றால் இது நெஞ்செரிச்சல் இல்லை. உங்கள் இதயம் உதவி கேட்கிறது. செங்கல் வைத்தால் இது போகாது. முதல் மாடியில் நின்று மீட்டர் பெட்டியைப் படிப்பதுபோல் நடித்தாலும் போகாது. மேலே படிக்காதீர்கள். இந்தப் பக்கத்தை இப்போதே மூடிவிட்டு, இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் பயந்து போயிருக்கிறார்கள்.'

பக்கத்தை மூடுங்கள் என்று அந்த நிறுவனத்தில் அதுவரை யாரும் எழுதியதில்லை. வாசகரை எப்படியாவது பிடித்து வைக்கத்தான் அங்கே எல்லோருக்கும் சம்பளம். அவள் பொத்தானை அழுத்தினாள். மூன்று மணி ஆனதும் மாடிப்படியில் போய் நின்றுகொண்டு அம்மாவுக்கு அடித்தாள். எதுவும் கேட்காதே, அப்பா என்ன செய்கிறார் என்று மட்டும் சொல் என்றாள்.

அம்மா கிசுகிசுத்தாள். "படுத்துட்டாரு. கண்ணாடி போட்டாச்சு. படிக்க ஆரம்பிச்சிட்டாரு."

அவள் படிக்கட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"செங்கலப் பாக்குறாரு. இரு, இன்னும் திரும்பிப் படுக்கல. கண்ணாடியக் கழட்டித் துடைக்கிறாரு. மறுபடி போட்டுக்கிட்டாரு." அம்மாவின் குரல் மாறியது. "எந்திரிச்சு உக்காந்துட்டாரும்மா. கதவுப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்காரு. செல்போன மூடி வச்சிட்டாரு."

"என்ன சொல்றாரு?"

"சட்டைய எடுன்றாரு. ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். மூடச் சொல்லி எழுதியிருக்காம்."

அவள் பையை எடுக்க உள்ளே ஓடினாள்.

போனது எவ்வளவு நல்லது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. முக்கியமான ரத்தக்குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் படி ஏறியிருந்தால் என்று ஆரம்பித்த இதய மருத்துவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மறுநாள் காலையிலேயே ஸ்டென்ட் வைத்தார்கள். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"மீட்டர் பெட்டி விஷயம் டாக்டருக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அப்படித்தான் நிப்பாங்க போலப்பா."

"ம்" என்றார் அப்பா. 

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போனபோது கூட்டம் அவளுக்காகக் காத்திருந்தது. திரையில் நெஞ்செரிச்சலின் வரைபடம். கோடு மூன்றாவது வழி வரை வந்து, அங்கிருந்து படியில் உருண்டு விழுந்ததுபோல் தலைகீழாக இறங்கியிருந்தது. தரவரிசைக்காரர் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முதல் இடம் போய் மூன்றாம் இடத்துக்கு வந்தாயிற்று. முட்டி குனிந்து தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்தவங்க அங்கேயே பக்கத்த மூடிட்டுப் போயிடுறாங்க" என்றார் தரவரிசைக்காரர்.

"மூடச் சொல்லித்தான் எழுதியிருக்கேன்."

ஆசிரியர் கெட்டவர் இல்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று முதலில் விசாரித்தார். பிறகு, அப்பாதான் பிழைத்துவிட்டாரே, இனிமேல் அந்த வரிகளை எடுத்துவிடலாமே என்றார். அவர் கேட்ட விதத்தில் அது நியாயமாகக்கூடத் தோன்றியது. அவள், அடுத்த வீட்டு அப்பா என்ன செய்வார் என்று கேட்டாள். தரவரிசைக்காரர் வரைபடத்தைக் காட்டினார். விதியை மீறியதற்கு என்ன செய்வது என்று பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போனபோதுதான் வியாழக்கிழமை டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். காபி எங்கே என்று கேட்கத்தான் வந்தார். திரையைப் பார்த்தவர் நின்று, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, அந்த வரிகளை முழுதாகப் படித்தார். தன் படம் போட்ட கட்டுரை ஒன்றை அவர் முழுதாகப் படித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"இத நான் சரிபார்த்துட்டேன்" என்றார். "இத எடுக்கிறதா இருந்தா என் படத்தையும் எடுத்துடுங்க."

நாலாயிரம் கட்டுரைகளில் இருக்கிறது அந்தப் படம். ஆசிரியர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வரிகள் தப்பின. அவள் வேலையும் தப்பியது, ஆனால் தண்டனை இல்லாமல் இல்லை. காலியாகக் கிடந்த இதயத்தையும் சேர்த்து அவளே பார்க்க வேண்டும் என்றார்கள். முட்டி தன் கைப்பையை நாற்காலியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அப்பா ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தார். செங்கற்கள் மொட்டை மாடிக்குப் போயின. அம்மா தலையணையிலேயே கண் விழித்தாள். அப்பா வேளைக்கு மாத்திரை போட்டார், மெதுவாகப் படி ஏறினார், முதல் மாடியில் நிற்கவில்லை. ஆனால் நடந்ததைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்த வீட்டில் சண்டைக்குத்தான் வாய் திறக்கும், மற்றதற்கெல்லாம் எப்போதுமே கொஞ்சம் சிரமம்தான்.

அதற்கடுத்த திங்கள்கிழமை அவள் வழக்கம்போல வாசகர் கருத்துகளைத் திறந்தாள். நெஞ்செரிச்சலுக்குக் கீழே வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். படித்ததும் போய்ப் பார்த்தேன், நல்லவேளை என்று ஒருவர். என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன் என்று ஒரு அம்மா. எங்கள் வீட்டிலும் மீட்டர் பெட்டி முதல் மாடியில்தான் இருக்கிறது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இன்னொருவர். எல்லோருக்கும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் பழைய டிரைவர் இருந்தார்.

'டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, நலம். இதையேதான் என் பெண் முதலிலேயே சொன்னாள், நான் கேட்கவில்லை. அவள் டைப் அடிக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். மீட்டர் பெட்டியைப் பார்த்ததும்தான் புரிந்தது. அன்று என்கூடப் படி ஏறியது அவள் ஒருத்திதான். இனிமேல் அவள் சொன்னால் கேட்பேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இதையெல்லாம் படிப்பது அவள்தான் என்று எனக்குத் தெரியும்.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொடுகு எட்டிப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாள், தூசி என்றாள். அனுமதிக்கப்பட்ட இரண்டு பதில்களும் திரையின் ஓரத்தில் தயாராக இருந்தன. இரண்டையும் தொடாமல் தானே தட்டினாள். தட்டியதைத் திருப்பிப் படிக்காமலே அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் தரவரிசைக்காரர் முகம் வெளிறி ஓடி வந்தார். எல்லோரும் அவர் திரையைப் போய்ப் பார்த்தார்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் தலை நிறையக் கருகருவென்ற முடியுமாக அந்த டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குப் பக்கத்தில், ஊரே பார்க்கும்படி, அவர் பதில் இருந்தது: 'சாயங்காலம் சீக்கிரம் வந்துடறேன். அதுவரைக்கும் மாத்திரைய மறக்காம போட்டுக்கோங்க அப்பா.'